குறிக்கோட்டைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடலோரத்தில் துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகப் பயிலும் இளைஞர்களில் சிலர், துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்கும்போது அதனுள் தெரியும் ரெட்டிகிளை, அதாவது குறிக்கோட்டை, அதில் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கி ஏமாந்தேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் முதல் ஸ்கோப்பின் குறிக்கோடு, மையத்திலிருந்து கீழே சவுக்கு மரம் போல் விரிந்து, புள்ளிகளும் எண்களுமாக நிறைந்திருந்தது. 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. அந்த ஸ்கோப்பின் மையக் கோட்டின் தடிப்போ அரை எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண அளவே எம்.ஓ.ஏ.); அதாவது அந்தத் தொலைவில் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் மறைத்துவிடும். எந்த இடத்தில் குண்டு பட வேண்டுமோ அந்த இடத்தையே பார்க்க முடியாமல் பல மாதங்கள் சுட்டுக்கொண்டிருந்தேன். தொலைவு மாறாத இலக்குச் சுடுதலில் உயரத்தை ஒரு முறை திருகி அமைத்துவிட்டால் போதும். கீழ்நோக்கிய அந்த அடுக்குகளுக்கு அங்கே வேலையே இல்லை. மெல்லிய குறுக்குக்கோடும், நடுவில் எட்டில் ஒரு பங்கு எம்.ஓ.ஏ. அளவுள்ள புள்ளியும் இருந்தால், 50 மீட்டரில் அந்தப் புள்ளி மறைப்பது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் மெல்லிய கறுப்புக் கோடு இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள் கரைந்து போகும் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு மையத்தில் மட்டும் சிவப்பாக ஒளிரும் வகை உதவுகிறது.

நம் கரைக்கென்று ஒரு தேவை உண்டு. அது காற்று. ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று வீசும்போது, வடக்குப் பார்த்துச் சுடுபவரின் குண்டை அது இடமிருந்து வலமாகத் தள்ளும். பாதித் தொலைவில் குச்சியில் கட்டிய நாடா ஒரு கணம் விறைத்து நிற்கும். மறு கணம் துவண்டு தொங்கும். அந்த இடைவெளிக்குள் ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழான டரட்டைத் திருகிக்கொண்டிருக்க நேரம் கிடைப்பதில்லை. ஆகவே கிடைக்கோட்டில் மட்டும் சம இடைவெளியில் சிறு வெட்டுக்குறிகள் இருப்பது மிகவும் பயன்படும். காற்றின் வேகத்துக்கேற்ப ஒரு குறியோ இரண்டோ தள்ளிப் பிடித்துச் சுடலாம்.

அந்தக் குறிகளை நம்புவதற்கு முன் குறிக்கோடு ஸ்கோப்புக்குள் எந்தக் குவியத் தளத்தில் (லென்ஸ் வழியே வரும் உருவம் தெளிவாக விழும் இடத்தில்) இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். முதல் குவியத் தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் குறிகளின் அளவு இலக்கின் மீது மாறாது. ஆனால் கூட்டக் கூட்டக் கோடும் தடித்துத் தெரியும். இரண்டாம் குவியத் தளத்தில் கோடு மெல்லியதாகவே நிற்கும். குறிகளின் அளவு மட்டும் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சரியாக இருக்கும். தொலைவு மாறாத நமக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் துணிபு. ஆனால் வெயில் ஏறிக் கானல் நெளியத் தொடங்கியதும் உருப்பெருக்கத்தைக் குறைப்பவர்கள், குறிகளின் மதிப்பும் அதனோடு மாறிவிடுவதை மறக்கக் கூடாது.

குறிகள் மில் என்னும் வேறொரு கோண அளவின் கணக்கிலும் டரட் எம்.ஓ.ஏ. கணக்கிலும் உள்ள ஸ்கோப்பை வாங்கவே வேண்டாம். 100 மீட்டரில் ஒரு மில் 10 சென்டிமீட்டர், ஓர் எம்.ஓ.ஏ. ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர். போட்டி நெருக்கடியில் இந்தக் கணக்கை மனத்துக்குள் மாற்றிப் போட யாராலும் இயலாது.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. துளை வழியே பார்க்கும் பீப் சைட்தான். பிள்ளை அந்தப் பிரிவுகளுக்குத் தயாராவதென்றால், ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல பீப் சைட்டுக்குச் செலவிடுவதே முறை. தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், பத்து வட்டத்தின் மீது வெவ்வேறு குறிக்கோடுகள் எவ்வளவு மறைக்கின்றன என்பதை உண்மை அளவுப் படமாக ஒரு நாள் வெளியிட்டால், கடைக்குப் போகுமுன் அதை வெட்டி எடுத்துச் செல்ல நாங்கள் பலர் இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.