மதுரைத் திட்டத்தைப் புதுப்பிக்க ஏன் தயங்குகிறேன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ் இலக்கிய நூல்களை இலவசமாகப் படிக்கத் தரும் மதுரைத் திட்ட இணையதளம் பார்க்கப் பழசாக இருக்கிறது, விவரம் தெரிந்த இளைஞர்கள் முன்வந்து புதுப்பித்துத் தரக் கூடாதா என்று ஒரு வாசகர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். கோவையில் இணையதள வடிவமைப்புதான் என் பிழைப்பு. அவர் கேட்பது என்னைப் போன்றவர்களைத்தான். ஆனாலும் தயங்குகிறேன்.

1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் கொடுத்த நூல்கள். எதைத் திறந்தாலும் பாட்டுக்கு முன்னால் ஒரு நன்றிக் குறிப்பு இருக்கும்: தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று. அந்த முகப்பை நீக்காமல் யாரும் கோப்பை இலவசமாகப் பகிரலாம் என்பதே அவர்கள் வைத்த நிபந்தனை. நவீன வடிவமைப்பில் 'இடத்தை அடைக்கிறது' என்று முதலில் வெட்டப்படுவது இந்த மாதிரிப் பகுதிதான். அந்த உழைப்புக்குக் கிடைத்த கூலியே அந்தப் பெயர்கள்தானே.

அப்புறம் எழுத்து. திட்டத்தின் தொடக்க காலத்தில் ஏற்றிய நூல்கள், கணினியில் தமிழைச் சேமிக்கும் பழைய முறையான டிஸ்கி குறியாக்கத்திலிருந்து, இன்று எங்கும் வழங்கும் யூனிகோடுக்கு வந்தவை. டிஸ்கியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு, யூனிகோடில் நேர்மாறு. இனி இன்னொரு முறை மொத்தமாக நிரல் ஓட்டி மாற்றினால், எங்கே பிழை விழுந்தது என்பது ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தால்தான் தெரியும். எனக்கு நிரல் தெரியும், யாப்பு தெரியாது. பழைய முகவரிகள் மாறினாலோ, அவற்றைச் சுட்டும் விக்கிப்பீடியா கட்டுரைகளும் ஆய்வேடுகளும் 'பக்கம் இல்லை' என்றுதான் காட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை, வேலை முடிந்த பிறகு வருவது. இப்போதுள்ள எளிய கோப்புகள் சுமாரான போனில், சிக்னல் குறைந்த ஊரிலும் திறக்கின்றன. புதிய மென்பொருளில் ஏற்றினால் மாதாமாதம் அப்டேட், பாதுகாப்பு, சர்வர் என்று பின்னாலேயே ஓட வேண்டும். செய்து கொடுத்தவர் வேலை மாறிப் போய்விட்டால், பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். இதை என் தொழிலில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

முழுத் தளத்தையும் ஏற்க எனக்குத் துணிவில்லை. எழுத்தின் அளவு, ஓரம், செல்போனில் அடிகள் மடங்கி விழும் விதம், இவற்றை மட்டும் சீராக்கும் ஒரு ஸ்டைல் கோப்பை எழுதித் தர முடியும். நூலில் ஓர் எழுத்தும் மாறாது, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். யாப்பு தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் கூட இருந்து படித்துப் பார்க்கச் சம்மதித்தால், திட்டத்தாருக்கு நானே எழுதிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை.