நம் பிள்ளைகளுக்கு விமானத் தகட்டு வேலை கற்றுக்கொடுங்கள்

புதுச்சேரி, கடலூர் அரசு ஐ.டி.ஐ. முதல்வர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கர் கூடங்களில் தகட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கடலூர் முதுநகரில் இருக்கிறேன். விமானக் கட்டமைப்பு ஃபிட்டர் பிரிவை நம் ஊர்களில் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

பதினைந்து, இருபது ஆண்டுகள் பயணிகளைச் சுமந்த விமானங்கள் பல இன்று சரக்கு விமானங்களாக மறுபிறவி எடுக்கின்றன. சென்னையைத் தளமாகக் கொண்ட சரக்கு விமான நிறுவனம் ப்ளூ டார்ட்டின் போயிங் 757-கள் அப்படி வந்தவைதான். இண்டிகோ 2022-இல் மாற்றப்பட்ட ஏர்பஸ் ஏ321-ஐக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் அமேசான், போயிங் 737-800 சரக்கு விமானங்களோடு ஹைதராபாத்தில் சேவையைத் தொடங்கியது. சரக்கு விமானம் பெரும்பாலும் இரவில், குறைந்த நேரமே பறக்கும். ஆகவே எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும், விலை குறைந்த பழைய விமானம் கட்டுப்படியாகிவிடுகிறது.

ஆனால் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை அடுக்குவதோடு முடிகிற வேலை இல்லை இது. 737-800-இன் இடது பக்கத்தில், இறக்கைக்கு முன்னால், ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் உயரமும் உள்ள கதவுக்காக உடலையே வெட்டித் திறக்க வேண்டும். பழைய ஓட்டு வீட்டின் சுவரை இடித்துப் பெரிய வாசல் வைப்பது போலத்தான். மேலே உத்திரம் கொடுக்காவிட்டால் கூரை உட்கார்ந்துவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்பே உடல் வளையாதபடி கீழிருந்து முட்டுக் கொடுப்பார்கள். வெட்டிய பின் சுற்றிலும் கனமான சட்டங்களும், டப்ளர் என்று சொல்லும் கூடுதல் தகடுகளும் ஏறும். உயரத்தில் பறக்கும்போது உள்ளே அடைத்த காற்று உடலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த விசையை இனி இந்தப் புதுச் சட்டங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் தரை. பயணிகள் நடந்த தரையில் டன் கணக்கில் கனக்கும் பேலட்டுகள், அதாவது சரக்கை அடுக்கிக் கட்டும் பலகைகள், உருளப் போகின்றன. விட்டங்களை மாற்றியோ வலுப்படுத்தியோ ஆக வேண்டும். ஜன்னல்களை அலுமினியத் தகட்டால் அடைக்க வேண்டும். திடீரென்று நின்றால் சரக்கு விமானிகள் மேல் பாயாமலிருக்க, எடையைப் போல ஒன்பது மடங்கு விசையைத் தாங்கும் தடுப்பு வேண்டும். எல்லாம் முடிந்தால் சுமார் 23.9 டன் வரை ஏற்றலாம்.

இதில் பெரும்பகுதி இன்றும் கைவேலைதான். தகடுகளை இணைக்கும் ஆணிதான் ரிவெட். வெளியே ஒருவர் அதை அடிக்கும் ரிவெட் கன்னைப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் பக்கிங் பார் என்னும் இரும்புக் கட்டையை ரிவெட்டின் மறுமுனையில் அழுத்திப் பிடித்திருப்பார். இருவர் கையும் ஒத்துப்போக வேண்டும். ரிவெட் சரியாக உட்கார்ந்ததா என்பது பழகிய காதுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். துளையின் ஓரத்தில் பிசிறு நின்றால் அங்கிருந்து விரிசல் தொடங்கும்.

விரிசல் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1988 ஏப்ரலில் ஹவாயில் அலோகா நிறுவனத்தின் 737 பறந்துகொண்டிருந்தபோதே மேற்கூரையின் ஒரு பகுதி பிய்ந்து போனது. தகடுகள் சேரும் இடத்தில், ரிவெட் வரிசையை ஒட்டி வளர்ந்த விரிசல்கள்தான் காரணம். 2025 நவம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், பயணிகள் விமானமாக இருந்து மாற்றப்பட்ட எம்.டி.-11 ஒன்று, மேலெழும்போதே இடது எஞ்சின் கழன்று விழுந்து நொறுங்கியது. எஞ்சினைப் பிடித்திருந்த பாகத்தில் உலோகச் சோர்வு விரிசல்களை, அதாவது திரும்பத் திரும்ப விசை தாங்கி உலோகம் தளர்வதால் வரும் விரிசல்களை, விசாரணையாளர்கள் கண்டார்கள். சரக்குக் கதவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் வயதான விமானத்தைத் தொடுகிறவருக்கு அடிக்கிற கையோடு, பழுதைக் கண்டுபிடிக்கிற கண்ணும் வேண்டும். அதை முறையாகப் படித்துத்தான் பெற முடியும்.

புதுச்சேரி லாசுப்பேட்டை விமான நிலைய ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தானே, இந்த விமானங்கள் எங்கே வந்து இறங்கும் என்று கேட்பீர்கள். சரி, இங்கே இறங்க வேண்டாம். வேலை இருக்கும் இடத்துக்கு நம் பிள்ளைகள் போவார்கள். ஹைதராபாத்தில் 737-800-ஐ மாற்றும் பிரிவு அமைக்கப்போவதாக போயிங்கும், விமானப் பராமரிப்பு நிறுவனமான ஜி.எம்.ஆர். ஏரோ டெக்னிக்கும் 2023 மார்ச்சில் அறிவித்தன. நம் பையன்கள் கப்பல் பட்டறை வேலைக்குப் போகிற அதே சிங்கப்பூரில்தான் எஸ்.டி. இன்ஜினியரிங் நிறுவனம் ஏர்பஸ் விமானங்களை மாற்றுகிறது.

நீங்கள் புதிதாகப் பாடத்திட்டம் எழுத வேண்டியதில்லை. விமானக் கட்டமைப்பு மற்றும் உபகரண ஃபிட்டர் என்ற டிரேடு மத்திய தொழிற்பயிற்சிப் பட்டியலில் இருக்கிறது. பிரெஞ்சு விமான நிறுவனமான தஸ்ஸோவின் துணையோடு நாக்பூர் ஐ.டி.ஐ.யில் அதை நடத்துகிறார்கள். பிரான்சோடு இவ்வளவு பழைய உறவுள்ள புதுச்சேரி இதைக் கேட்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களுக்கு, ரோபோ போன்ற நவீனத் தொழில்நுட்பங்களைக் கற்றுத்தரும் 4.0 மையங்கள் வந்ததை மனதார வரவேற்கிறேன். அந்த ரோபோக்களுக்குப் பக்கத்தில் ஒரு ரிவெட் மேசைக்கும் இடம் கொடுங்கள்.

முதலில் ஃபிட்டர் மாணவர்களுக்கு ஒரு குறுகிய பயிற்சியாவது தொடங்குங்கள். காற்று கம்ப்ரசர், ரிவெட் கன், துளையிடும் கருவிகள், அலுமினியத் தகடு, கழித்துக்கட்டிய விமானத்தின் உடற்துண்டு ஒன்று இருந்தால் போதும். பெண் பிள்ளைகளையும் கட்டாயம் சேருங்கள். பொறுமையும் துல்லியமும்தான் இந்த வேலைக்கு முதல் தகுதி. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம். வரும் சேர்க்கைக்கு முன் இரண்டு ஊர் முதல்வர்களும் ஒருமுறை கலந்து பேசி, உங்கள் இயக்குநரகங்களுக்கு இதை எழுத்தில் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற விமானத் தகட்டுத் தொழிலாளி,
கடலூர் முதுநகர்