உன் சிங்கமும் எங்கள் மரம் அரியும் சத்தமும்

மஸ்கெலியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. எழுத உட்காரும் ஒவ்வொரு மாலையும் மழை வருகிறது, மழை வந்தால் கரண்ட் போகிறது. மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுத இப்போது கண் இடம் கொடுப்பதில்லை. கிளினிக்கில் கண்புரை என்று சொல்லித் திகதி கொடுத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

தெஹிவளைக்குக் குடிபோன நாளிலிருந்து விடியற்காலையில் சிங்கம்தான் உன்னை எழுப்புகிறது என்று எழுதியிருந்தாய். வீட்டிலிருந்து மிருகக்காட்சிசாலை மதில் நடந்தே ஐந்து நிமிடம் என்று பெருமை வேறு. கடைசியில், "உனக்கு எவ்வளவு தூரம்?" என்று ஒரு கேள்வி. கேலிக்குத்தான் கேட்டாய், தெரியும். ஆனால் வாத்தியாரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வராது என்று நினைத்தால் அது உன் தவறு.

இங்கிருந்து ஹட்டன் ஸ்டேசனுக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில் பாதையில் 173 கிலோமீற்றர். பிறகு கரையோர ரயிலில் தெஹிவளை. கிட்டத்தில் என்றால் பின்னவலதான். அதே ரயிலில் கடுகண்ணாவைச் சரிவு இறங்கி, ஏறத்தாழப் பாதி வழியில், றம்புக்கனையில் இறங்கி ஓட்டோ பிடித்தால் போதும். 1975இல் ஐந்து குட்டிகளோடு தொடங்கிய யானைகள் அநாதை இல்லம் அங்கேதான் இருக்கிறது. 2015இல் அதன் பக்கத்திலேயே திறந்தவெளி மிருகக்காட்சிசாலையும் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து டிவிஷனில் வான் பிடித்துப் போவதென்றால் பதினைந்து பேர் சேர வேண்டும், இல்லாவிட்டால் தலைக்குப் பணம் கூடிவிடும். பதினான்கு பேர் சேர்ந்துவிட்டோம். பதினைந்தாவது ஆளைத் தேடி இரண்டு வருடம் ஆகிறது. இதையும் தூரத்தில் சேர்த்துக்கொள்.

1976இல் ஏழாம் வகுப்பில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? இரவு இரண்டு மணிக்கு, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பஸ் வந்து நின்றது. அந்தப் பயணக் காசுக்காக அம்மா இரண்டு ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தார். ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டித் தந்தார். கினிகத்தேனை வளைவுகளில் நீ என் மடியில் வாந்தி எடுத்தாய். அந்தச் சட்டையோடுதான் நான் நாள் முழுவதும் மிருகங்களைப் பார்த்தேன். சாயங்காலம் யானைகள் வரிசையாக நின்று முன்காலைத் தூக்கிக் காட்டியபோது, குமட்டலையெல்லாம் மறந்து கைதட்டியவனும் நீதான்.

நீங்கள் எல்லோரும் சிம்பன்சிக் கூட்டுக்கு ஓடிவிட்டீர்கள். நான் சிறுத்தைக் கூட்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன். அது ஒரே பாதையில் போய், ஒரே மூலையில் திரும்பி, ஒரே பாதையில் வந்துகொண்டிருந்தது. திரும்பும் இடத்தில் அதன் தோள் உரசி உரசிச் சுவரில் எண்ணெய் பிடித்ததுபோல் கறுத்த கோடு ஒன்று விழுந்திருந்தது. எங்கள் சமையல்கட்டில் அம்மா சாய்ந்து உட்காரும் சுவரிலும் அதே உயரத்தில் அதே மாதிரி ஒரு கோடு உண்டு. பின்னால் வந்து நின்ற மாஸ்டர் சொன்னார்: "இதுதானடா நம் மேல்மலையில் இருக்கிறது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" நான் நம்பவில்லை. நம் மலையில் இருந்தால் நாம் பார்த்திருக்க மாட்டோமா என்று நினைத்தேன்.

அந்த நாளுக்குப் பிறகு இந்த வயது வரை நான் ஒரு சிறுத்தையைக் கண்ணால் பார்த்ததில்லை. அது இல்லாமல் இருந்ததும் இல்லை. சிவனொளிபாத மலைக் காடு எங்கள் தேயிலையை ஒட்டித்தானே முடிகிறது. போன மாதம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைச் சேற்றில் தடம் இருந்தது. பேரன் ஜொமெட்ரிப் பெட்டியிலிருந்து அடிமட்டத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தான், எட்டு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. நாய்த் தடம் என்றால் நகம் பதியும். இதில் நகமே இல்லை, நான்கு விரலும் அகன்ற உள்ளங்காலும்தான். தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது, விளிம்பு இடியவில்லை. அந்த இடத்தில்தான் காலை ஐந்தரை மணிக்குப் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு நாயை மூன்று நாளாகக் காணவில்லை. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த வீட்டுக்காரம்மா மட்டும் சங்கிலியைக் கழுவி ஆணியில் மாட்டி வைத்தார்.

சிறுத்தையைவிட எனக்குப் பயம் கம்பிதான். மேல் லயத்து அண்ணன் ஒருவர் மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பியில் சுருக்கு வைத்திருந்ததை நானே பார்த்தேன். கேட்டதற்கு, "மாஸ்டர், உங்களுக்கு மாதம் பிறந்தால் பென்சன் வருகிறது. என் கிழங்குப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது. மூன்று மாத வேலைக்கு யார் சம்பளம் தருவார்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கம்பி ஆளைப் பார்த்து இறுகுவதில்லையே. 2020 மே மாதம், ஊரடங்குக் காலத்தில், நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டியது நினைவிருக்கும். உயிரோடு எடுத்துச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துவிட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அப்படி ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. பத்திரிகைப் படத்தில்தான் பார்த்தோம். அண்ணனின் சுருக்கை நான் அவிழ்த்துவிட்டேன். அவர் வேறு இடத்தில் வைத்திருப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, கோயிலில் பார்த்தால் சிரித்துக்கொள்கிறோம்.

உன் சிங்கத்துக்கு வருகிறேன். நம் கொடியில் இருக்கிறது, காட்டில் இல்லை. ஒரு காலத்தில் இருந்ததாம். குருவிட்டையில் கிடைத்த இரண்டு புதைபடிவப் பற்களை வைத்து விலங்கியலாளர் தெரணியகல 1939இல் அதற்குப் பெயர் சூட்டினார். இங்கே உயிரோடு இருக்கும் சிறுத்தைக்கு அவரே 1956இல்தான் தனிப் பெயர் வைத்தார். செத்த மிருகத்துக்கு முதலில் பெயர், இருக்கிற மிருகத்துக்குப் பதினேழு வருடம் கழித்து. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நீ குடியிருக்கும் இடத்துக் கதையையும் தெரிந்துகொள். அந்த மிருகக்காட்சிசாலையைத் தொடங்கியவர் ஜோன் ஹேகன்பெக் என்ற ஜெர்மன்காரர். மிருகங்களைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர் தொழில். கம்பனி நொடித்து, 1936இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவருடைய அண்ணன் முறையான கார்ல் ஹேகன்பெக் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் டிக்கெட் வைத்துக் காட்டினார். ஆடிக் காட்டவும் யானை நடத்திக் காட்டவும் போன நம் நாட்டுக்காரர்கள். மிருகக்காட்சிசாலைக்கு அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பேத்தியைப் போன தவணையில் பாடசாலையிலிருந்து பின்னவலவுக்குக் கூட்டிப்போனார்கள். யானைகள் மகா ஓயாவுக்கு இறங்குவதைப் பற்றி ஒரு வாரம் பேசினாள். சிறுத்தை எப்படி இருந்தது என்று கேட்டேன். "தூங்கிக்கொண்டிருந்தது தாத்தா, ஒரு கால் மட்டும் தெரிந்தது" என்றாள். பிறகு, "நம் பீலியில் அதன் கால்தானே இருந்தது? அதையே இங்கே பார்த்தாயிற்று" என்றாள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. எங்கள் மேல்மலையில் சில இரவுகளில் மரம் அரிவதுபோல ஒரு சத்தம் கேட்கும். ஈரமரத்தில் வாளை இழுத்து இழுத்து விடுவது மாதிரி, ஏழெட்டு இழுப்பு, பிறகு நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே கேட்கிறேன். யூக்கலிப்டஸ் திருடர்கள் என்று தோட்டத்து வாச்சர் இரண்டு முறை டோர்ச் எடுத்துக்கொண்டு போனார். வெட்டிய மரமும் இல்லை, ஆளும் இல்லை. சிறுத்தையின் குரல் மரம் அரிவது மாதிரி இருக்கும் என்று அண்மையில் ஒரு புத்தகத்தில் படித்தேன். படித்ததிலிருந்து இரவில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். நான் கேட்டது அதுதானா என்று இங்கே சொல்ல ஆளில்லை.

சிங்கம் எழுப்பும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுப் பார். சிங்கம் ஓய்ந்த பிறகு அப்படி ஒரு சத்தம் வருகிறதா? பகலில் போனால் கூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் விசாரி, அவருக்குத் தெரிந்திருக்கும். டிக்கெட் காசை நான் தருகிறேன். தங்கச்சியிடம் என் விசாரிப்பைச் சொல். மழை விட்டதும் தேயிலைத் தூள் இரண்டு கிலோ அனுப்புகிறேன், ஸ்டோரில் புதிதாக அரைத்தது.

உன்,
இராமையா