அந்தக் கிழட்டுக் குதிரையின் பக்கத்தில் கட்டையையும் வையுங்கள்

அச்சுப்படத் தொகுப்புகளைப் பாதுகாக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஆங்கிலேயக் கலைஞர் தாமஸ் ப்யூவிக்கின் கடைசிப் படத்தை முன்வைத்து உங்களிடம் ஒரு கோரிக்கை.

எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு கிழட்டுக் குதிரை. ‘சாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தலைப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டைகளில் பறவைகளைச் செதுக்கிப் பேர் வாங்கியவர், எழுபதைத் தாண்டிய வயதில் இதைப் பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டார். ஒரு கட்டையின் அச்சுமேல் இன்னொன்றை அச்சிட்டு ஒளியும் நிழலும் கொண்டுவருவது அவர் திட்டம். அது நிறைவேறும் முன்பே, 1828 நவம்பரில் இறந்துபோனார். முடியாத நிலையிலேயே 1832இல் அவர் மகன் அதை வெளியிட்டார்.

இப்படி ஒரு படத்துக்குக் கீழே ‘முற்றுப்பெறாதது’ என்று மட்டும் எழுதி வைத்தால், பார்ப்பவர் ஏதோ குறை என்று நினைத்து நகர்ந்துவிடுவார். அந்த வயதில் புதிதாக எதற்கு முயன்றார் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், கட்டை. ப்யூவிக் பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில்தான் செதுக்கினார். இரும்புபோல் இறுகிய முகம் அது. மயிரிழைக் கோடும் சிதையாது. கட்டையைத் தோல் மெத்தைமேல் வைத்து, வளைவு வரும்போது உளியை அல்ல, கட்டையைத் திருப்புவார்கள். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. தூரத்து மலை வெளிறித் தெரிய வேண்டுமா? அந்தப் பகுதியை முதலிலேயே மெல்லச் சுரண்டித் தாழ்த்திவிடுவார். அழுத்தம் அங்கே குறையும். மை சாம்பலாக விழும். தாளை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பள்ளம் தெரிய வழியே இல்லை. எனக்கு அவருடைய கலையில் மிகப் பிடித்த இடமே இதுதான்.

அதனால், உங்களிடம் மரச்செதுக்குக் கட்டைகள் இருந்தால் அவற்றை இருட்டறையிலேயே விட்டுவிடாதீர்கள். தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். மேலிருந்து வெளிச்சம் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு போதும். சோதனை அச்சுகள் இருந்தால் அவையும் வரட்டும், மை கொஞ்சம் அப்பியிருந்தாலும் சரி. கத்தியால் பலகையில் வெட்டியதையும், உளியால் குறுக்குமுகத்தில் செதுக்கியதையும் ஒரே பெயரில் எழுதாதீர்கள்.

அந்தக் குதிரையின் விலா எலும்புகளுக்கு நடுவே மரம் எங்கே தாழ்கிறது என்று நாங்களும் குனிந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அச்சுப்படங்களை நேசிக்கும் ஒரு வாசகர்