டி.எம்.எஃப்-க்கு பதில் எதை வாங்குவது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பெப்டைடு (அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி) செய்யும் ஆய்வகங்களிலிருந்து இப்போது அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் தெரிந்ததே. அங்கே வழக்கமாகப் பயன்படும் கரைப்பானான டி.எம்.எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பரிலிருந்து அதற்குக் கட்டுப்பாடு. முழுத் தடை இல்லை, வேலை செய்பவர் சுவாசிக்கும் காற்றில் கன மீட்டருக்கு 6 மில்லிகிராம் என்ற வரம்பு. என்.எம்.பி (மெத்தில் பைரோலிடோன்) என்ற இன்னொரு கரைப்பானுக்கு மாறிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கும் அங்கே 2020-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது.

டி.எம்.எஃப்-க்கு மிக நெருக்கமாக நடந்துகொள்வது பியூட்டைல் பைரோலிடினோன். ஆனால் கெட்டியானது, ஃபில்டர் வழியே இறங்க நேரம் எடுக்கும். கொதிநிலை 240 டிகிரியை ஒட்டி இருப்பதால் வடித்து மீட்பதும் செலவு. எத்தில் அசிட்டேட் கலந்தால் இளகும், விலையும் குறையும். காமா வேலரோலாக்டோன் தாவரக் கழிவிலிருந்தே எடுக்கக்கூடியது, கேட்கவே நன்றாக இருக்கும். ஆனால் எஃப்மாக்கை (அமினோ அமிலத்தின் முனையை மூடிக் காக்கும் தொகுதி) நீக்கப் பயன்படும் பிப்பெரிடின் என்ற காரம் அதன் மூலக்கூறு வளையத்தைத் திறந்துவிடும். அதனால் எஃப்மாக் நீக்கும் கரைசலை அதில் கலந்து வைத்துவிட்டு மறுநாள் எடுக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அடியில் ஃபிரிட் (வடிகட்டித் தட்டு) வைத்த சிரிஞ்சில் ஒரு கிராம் உலர்ந்த ரெசின் (பெப்டைடு வளரும் நுண்மணிகள்) போட்டு, கரைப்பான் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். மிஞ்சியதை வடித்துவிட்டு ரெசின் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். 4 மில்லிக்கு மேல் இருந்தால் நல்லது. 2-க்குக் கீழே என்றால் அந்தக் கரைப்பானை மறந்துவிடுங்கள். மணிகளுக்குள் அமினோ அமிலம் நுழையவே நுழையாது. பாலிஸ்டைரீன் ரெசினில் தோற்ற கரைப்பான் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) ரெசினில் நன்றாக வேலை செய்வதும் உண்டு.

அப்புறம், கரைப்பானில் பெரும்பகுதி அமினோ அமிலங்களை இணைப்பதற்குப் போவதில்லை, கழுவுவதற்குத்தான் போகிறது. எங்கள் விற்பனைக்குக் கொஞ்சம் பாதகமான யோசனைதான்: முதலில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கழுவலைக் குறைத்து, தூய்மை இறங்குகிறதா என்று எச்.பி.எல்.சி-யில் (கலவையைப் பிரித்துத் தூய்மை பார்க்கும் கருவி) பாருங்கள். இறங்கவில்லை என்றால் புதுக் கரைப்பானும் குறைவாகவே தேவைப்படும்.

பியூட்டைல் பைரோலிடினோன் டி.எம்.எஃப்-ஐ விட விலை கூடுதல், மறைக்கவில்லை. அதனால் எடுத்ததும் டிரம் கணக்கில் ஆர்டர் போடாமல் சிறிய பாட்டில் கேளுங்கள். எந்த ரெசின், என்ன லோடிங் (ஒரு கிராம் ரெசினில் எத்தனை இணைப்பு இடங்கள்), கையால் செய்கிறீர்களா மெஷினிலா என்று கூடவே எழுதினால் எந்தக் கலவை என்று நாங்கள் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
விற்பனைப் பிரிவு