பெல்னா மணி இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வருஷம் எங்க அக்கா வாய் கொப்பளிக்கும்போது தண்ணி ஒரு பக்கமா வழிஞ்சுது, வலது கண்ண மூடவே முடியல, பதறிப்போய் ஓடினோம், டாக்டர் பாத்துட்டு பக்கவாதம் இல்ல பெல்ஸ் பால்சி, அதாவது முகவாதம்னு சொன்னாங்க, மணிக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது அது சார்லஸ் பெல்ங்கிற சர்ஜனோட பேரு, 1774ல ஸ்காட்லாந்துல இருக்கிற எடின்பரோவுல பொறந்தவர், முக நரம்ப ஆராய்ஞ்சவர். சத்தத்த அளக்குற டெசிபல்ல இருக்கிற பெல் வேற ஆளு, டெலிபோன் கிரகாம் பெல், ஆனா அவரும் அதே ஊர்லதான் 1847ல பொறந்திருக்கார்! நோய் பேர் எழுதும்போது அது யாரோட பேருன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க சார், கூடவே தமிழ் பேரையும். அக்காவுக்கு மூணு மாசத்துல சரியாயிடுச்சு.

- ஒரு வாசகர்