கப்பல் கரையில் நிற்கும் நேரம்: பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து கப்பல் சுற்றுலாவுக்கு ஆட்களைத் திரட்டி அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள். அரசுப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். சென்ற ஆண்டு என் அக்காவுடன் உங்களில் ஒருவர் சேர்த்த குழுவில் இணைந்து, சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே கப்பலேறி, மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகிய மூன்று துறைகளைத் தொட்டுவிட்டு மீண்டும் சிங்கப்பூர் வழியாக ஊர் திரும்பினேன். அந்த ஏற்பாட்டாளரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. விசா, விமானச்சீட்டு, சைவச் சாப்பாடு என எதிலும் அவர் குறை வைக்கவில்லை. அவர் செய்த ஒரு தவற்றைப் பலரும் செய்வதாக வேறு குழுக்களில் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டதால்தான் இந்த மடலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பினாங்கில் கப்பல் கரையணைந்த அன்று காலை எட்டு மணிக்கு எங்கள் குழுவிலிருந்த இருபத்தெட்டுப் பேரையும் அவர் உணவுக்கூடத்தின் ஓரத்தில் நிறுத்தி வைத்துப் பேசினார். "தனியாக இறங்கினால் கப்பல் விட்டுப் போய்விடும். பாஸ்போர்ட் சிக்கல் வரும். உங்களுக்கு மொழியும் தெரியாது. பஸ்ஸுக்குப் பணம் கட்டியவர்கள் என்னோடு வாருங்கள், மற்றவர்கள் கப்பலிலேயே சாப்பிட்டு ஓய்வெடுங்கள்" என்றார். பதினேழு பேர் பேருந்துக்குப் போனார்கள். ஒன்பது பேர், அவர்களில் பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதைக் கடந்த பெண்கள், கப்பலிலேயே இருந்துவிட்டார்கள். வாழ்நாளில் முதன்முறையாகக் கடல் கடந்து வந்தவர்கள், கண்ணெதிரே ஓர் ஊர் விரிந்து கிடக்க, அந்த ஊரின் தரையை மிதிக்காமலேயே அன்றைய பொழுதைக் கழித்தார்கள். எட்டு மணி நேரம் அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் கப்பலேறி, தமிழ்ப் பள்ளிகள் நடக்கும் பினாங்கில் இறங்குகிறவர்களிடம் மொழி தெரியாது என்று சொல்லி அச்சுறுத்தியது எந்த வகையிலும் சரியல்ல. அங்கே கப்பல்கள் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ் டவுன் நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. கப்பலின் மேல்தளத்தில் நின்றாலே விக்டோரியா நினைவு மணிக்கூண்டு தெரிகிறது. அந்த அரசி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டுகள் நிறைந்ததைக் குறிக்க, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபதடி உயரத்தில் கட்டப்பட்டது அது. அக்காவும் நானும் கப்பல் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, குடிநுழைவுச் சோதனை முடித்து, முனையத்தை விட்டு வெளியே வந்து அந்த மணிக்கூண்டின் அடியில் போய் நிற்க ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கில் ஆங்கிலேயக் குடியிருப்பை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786-ல் வந்திறங்கிய இடத்தில் எழுந்தது. கார்ன்வாலிஸ் என்ற பெயரைப் பார்த்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். 1791-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில், நம் வேலூர் வழியாகப் பெங்களூரை நோக்கிப் படைநடத்திச் சென்ற ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் அவர். திப்பு வீழ்ந்த பிறகு அவருடைய குடும்பம் காவலில் வைக்கப்பட்டதும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் வேலூர்க் கோட்டைக்குள்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதிப் போட்ட பெயர் ஒன்று கடல் கடந்து வந்த இடத்தில் கல்லில் எதிர்ப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோட்டை பேருந்துத் திட்டத்தில் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நிழல் பார்த்து மெதுவாக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடங்களில் குவீன் தெரு வந்துவிடுகிறது. 1833-ல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. கோயிலுக்கு அருகே ஒரு பூக்கடையில், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். அக்கா பழக்கத்தில், "முழம் எவ்வளவும்மா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் தலைநிமிர்ந்து, "எந்த ஊரும்மா நீங்க?" என்றார். வேலூர்ப் பக்கம் என்றதும், "கோல்டன் டெம்பிள் ஊரா? எங்க அத்தை போயிட்டு வந்தாங்க" என்று சொல்லி, எங்களுக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "கப்பலுக்கு எத்தனை மணிக்குத் திரும்பணும்?" என்பது. நாலரைக்குள் என்றேன். கிளம்பும்போது, வெயில் தாளவில்லையென்றால் எந்தப் பக்கமாகத் திரும்பினால் நிழலில் நடக்கலாம், கழிப்பறை வசதி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லி அனுப்பினார். மொழி தெரியாத ஊர் என்று எச்சரிக்கப்பட்ட இடத்தில் நடந்தது இது.

அதே வட்டாரத்தில், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் எழுப்பிய கபித்தான் கிளிங் பள்ளிவாசலும், சீனர்கள் ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாக ஏற்றி வணங்கும் குவான் யின் கோயிலும், 1818-ஆம் ஆண்டின் புனித ஜார்ஜ் தேவாலயமும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் இருக்கும் கோட்டையைப் பார்த்து வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு இந்தத் தெரு அயலாகத் தோன்றாது. நாங்கள் அவசரப்படவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தோம், வாழையிலையில் சோறு போடும் கடையில் சாப்பிட்டோம், கடைத்தெருவில் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்தோம், மூன்றரை மணிக்குக் கப்பல் ஏறிவிட்டோம்.

இடையில் ஒரு பிசகு நேர்ந்தது. அதை மறைத்தால் இந்த மடல் நேர்மையானதாக இருக்காது. சாப்பிட்டு முடித்ததும் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினொன்றரைதானே ஆகிறது, இன்னும் ஓர் இடத்துக்கும் போய் வரலாமா?" என்று யாரோ சொன்ன ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டார். அங்கே அப்போது மணி இரண்டு. அக்கா தன் கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருந்தார். இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடிய கடிகாரம் அது. நான் உடன் இல்லாமல் அவர் தனியாக வந்திருந்தால் கப்பல் நிச்சயமாகப் போயிருக்கும். ஆகவே ஆபத்தே இல்லை என்று நான் வாதிடவில்லை. குழுவினரிடம் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் எட்டு மணி நேரத்தைப் பூட்டி வைக்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

பேருந்தில் போனவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதை மாலையில் அவர்களே சொன்னார்கள். ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம், ஒரு காப்பித்தூள் கடையில் அரை மணி நேரம், ஆயிர் ஈத்தாமில் இருக்கும் பெரிய புத்த கோயிலின் அடிவாரத்தில் இருபது நிமிடம். மேலே ஏறிப் பார்க்க நேரம் இல்லையாம். திரும்பும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டு, கடைசி நேரத்துக்குக் கால் மணி முன்னதாகத்தான் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே நீங்கள் சொல்லாமல் விடும் ஓர் உண்மையை எழுத வேண்டியிருக்கிறது. கப்பல் நிறுவனமே விற்கும் கரைச்சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால்தான் கப்பல் காத்திருக்கும். வெளியில் நீங்கள் அமர்த்தும் பேருந்துக்கு அந்த உறுதி கிடையாது. தனியாகப் போனால் கப்பல் விட்டுப் போய்விடும் என்று எங்களிடம் சொன்னவர், தம் பேருந்துக்கும் கப்பல் காத்திருக்கக் கடமைப்படவில்லை என்பதைப் பணம் வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

நம் ஊரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்காகக் காட்பாடியில் வந்திறங்குகிறவர்கள் எத்தனை பேர். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் முடிவு வரும் வரை கையில் நாலைந்து மணி நேரத்தோடு காந்தி ரோட்டில் நிற்கும் அவர்களை நாம் விடுதி அறையிலேயே கிடக்கச் சொல்கிறோமா? கோட்டை பக்கத்தில்தான், நடந்தே போகலாம், ஜலகண்டேஸ்வரர் கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், முதலில் அதைப் பாருங்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போவதென்றால் இன்று வேண்டாம், அதற்கு அரை நாள் பிடிக்கும் என்று சொல்கிறோம். கடைப்பலகையை வங்காள மொழியில் எழுதி வைக்கிறோம். ஆட்டோக்காரர்கள் இந்தியிலும் வங்காள மொழியிலும் நேரம் கேட்டு, நேரத்துக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள். திரும்ப வேண்டிய நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்களுக்கு வழிசொல்லும் வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யத் தெரிந்த ஊர்கள் குறைவு. உங்கள் அலுவலகத்தின் வாசலில் அன்றாடம் நடக்கும் அந்த வேலையைத்தான் பினாங்கிலும் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

எல்லாத் துறையிலும் தனியாக இறங்கச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. போர்ட் கிளாங்கில் கப்பல் நிற்கும் முனையத்திலிருந்து கோலாலம்பூர் ஒரு மணி நேரத்துக்கும் மேலான சாலைப் பயணம். அங்கே பேருந்துக்குப் பணம் கட்டுவதுதான் அறிவுடைமை, நாங்களும் கட்டினோம். பினாங்கிலேயே, 1923-ல் இழுவை ரயில் ஓடத் தொடங்கிய பினாங்கு மலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களிடம், மேலே போகவும் கீழே வரவும் நிற்க வேண்டிய வரிசையைப் பற்றிச் சொல்லித் தடுப்பது நியாயம். சில இடங்களில் கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி, சிறு படகுகளில் ஆட்களை இறக்குகிறது. அங்கே கடைசிப் படகின் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். துறைக்குத் துறை நிலைமை வேறுபடும் என்பதால்தான் ஒவ்வொன்றுக்கும் உண்மையைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

புக்கெட்டைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கியது. ஆனால் கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொண்டது. கைப்பேசி மூன்று காட்டும்போது கப்பலில் மணி நான்கு. இதை அறிவிப்புத்தாளில் கப்பல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது; தமிழில் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்று எங்கள் குழுவில் ஒரு தம்பதியர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். துறைமுகத்தில் கப்பலுக்கு ஒரு முகவர் இருப்பார். அவருடைய தொலைபேசி எண் அன்றாட அறிவிப்புத்தாளில் இருக்கும். அடுத்த துறைக்குப் போய்ச் சேரும் செலவு பயணியைச் சேர்ந்தது. கையில் பாஸ்போர்ட் இருந்தால் அலைச்சல் குறையும். இவ்வளவும் தெரிந்த பிறகு ஒருவர் கப்பலிலேயே இருக்க முடிவெடுத்தால் அது அவர் விருப்பம். தெரியாமல் அஞ்சி உட்கார்ந்திருந்தால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். கப்பல் புறப்படும் முன்பே, ஒவ்வொரு துறைக்கும் ஒன்றாக, கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டுத் தாருங்கள். கப்பலில் ஏறியாக வேண்டிய கடைசி நேரம் கப்பல் நேரப்படி எத்தனை மணி, முகவரின் எண் என்ன, முனையத்திலிருந்து நடந்து பார்க்கக் கூடியவை எவை, எவற்றுக்கு வண்டி பிடிக்க வேண்டும், கழிப்பறையும் குடிநீரும் எங்கே கிடைக்கும், மலேசியப் பணமான ரிங்கிட்டில் எவ்வளவு சில்லறை வைத்திருந்தால் போதும் என்பவை அதில் இருக்கட்டும். இருவர் மூவராகச் சேர்ந்து போகச் சொல்லுங்கள். யார் யார் வெளியே போகிறார்கள் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். பேருந்துக்குப் பணம் வாங்குவதானால், அது எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பினாங்குக்கான தாளை நானே எழுதி, அக்காவைப் படிக்கச் சொல்லித் திருத்தி வைத்திருக்கிறேன். உங்களில் யார் கேட்டாலும் விலையின்றித் தருகிறேன்; உங்கள் நிறுவனப் பெயரைப் போட்டு அச்சிட்டுக்கொள்ளலாம். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே திருப்பி வைக்க வேண்டும் என்பது அதன் முதல் வரி. கப்பலிலேயே தங்கிவிட்ட ஒன்பது பேரில் நான்கு பேர் மீண்டும் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களை அழைத்துச் செல்பவர் யாராக இருந்தாலும், அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேற்றுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.